52 – 27 = 35: இந்தத் தப்பை எப்படிப் பிரிச்சுப் பார்க்கறீங்க?

ஈரோடு, திருப்பூர் பக்கம் ‘எண்ணும் எழுத்தும்’ (தொடக்க வகுப்புப் பிள்ளைங்களுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தர்ற அரசுத் திட்டம்) வகுப்பு எடுக்கறவங்களுக்கு வணக்கமுங்க. மூணாம் வகுப்புக் கணக்கில் நிறையப் பிள்ளைங்க மொட்டுங்கற நடு நிலையிலேயே நிக்கறாங்க, அதுக்கு மேல இருக்கற மலர் நிலைக்கு நகரலை. மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்தா காரணம் தெரியாதுங்க, விடைத்தாளை எடுத்துப் பார்க்கணும்.

52 – 27க்கு 35 வந்தா, பிள்ளை 7-ல் 2-ஐக் கழிச்சுதா, இல்லை கடன் வாங்கிட்டுப் பத்தைக் குறைக்க மறந்துச்சான்னு சொல்ல முடியாது. ரெண்டு தப்புக்கும் விடை ஒண்ணேதான். அதனால 52 – 28 கொடுங்க. 36 வந்தா தலைகீழாக் கழிச்சிருக்கு, 34 வந்தா பத்தைக் குறைக்கலை. முதல் வகைக்குக் குச்சிக் கட்டு வேணும்: அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி, ஒரு கட்டைப் பிரிச்சா உதிரி 12. இதைக் கையில் சரியாச் செய்யற பிள்ளை தாளில் மறுபடி 36 எழுதுது. குச்சிக்கும் தாளுக்கும் நடுவில் என்ன படி வைக்கறீங்க? இதுதாங்க முக்கியமான கேள்வி.

இன்னொண்ணு, வாக்கியக் கணக்கு. கேள்வியை நாம வாசிச்சுச் சொன்னா விடை வருது, தானா வாசிச்சா வரலைன்னா அது கணக்குக் குறையல்ல, வாசிப்புக் குறை. பனியன் கம்பெனிக்கு வந்த வடநாட்டுக் குடும்பத்துப் பிள்ளைங்ககிட்ட இது அதிகம். இந்தியிலோ ஒடியாவிலோ வாய்மொழிக் கேள்வித் தொகுப்பு வெச்சிருக்கறவங்க பகிருங்க. வெறும் 10 கேள்வி இருந்தாலும் போதுமுங்க.