ஜாக்கி ரேயை வெறும் கோமாளி என்று சொல்லாதீர்கள்: சில அனுபவப் பகிர்வுகள்

பெல்ஃபாஸ்டிலிருந்து

இந்த ஊருக்கு வேலைக்கு வந்த புதிதில், ஸ்நூக்கர் (மேசையில் கோலால் பந்துகளைக் குழிகளில் தள்ளும் ஆட்டம்) என்று யார் வாயைத் திறந்தாலும் அலெக்ஸ் ஹிக்கின்ஸில்தான் போய் முடியும். அதில் வியப்பில்லை, அவர் இந்த ஊர்ப் பிள்ளை. ஆனால் நான் போகும் கிளப்பில் ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் ஒருவர் இருக்கிறார். ஹிக்கின்ஸ் புராணம் தொடங்கினாலே அவருக்கு மூக்கின்மேல் கோபம் வந்துவிடும். ஒருநாள் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். “சரி, 1972-இல் அவன் ஐரிஷ் பட்டத்தை யாரிடமிருந்து பறித்தான், சொல் பார்க்கலாம்” என்றார். நான் விழித்தேன்.

ஜாக்கி ரே. பலர் வெறும் கோமாளி என்றே சொல்லிவிடும் ஸ்நூக்கர் ஆட்டக்காரர். வட அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்தில் டங்கானன் என்ற சிறு நகரில் 1921-இல் பிறந்தவர். 1950களிலும் 60களிலும் அயர்லாந்தின் தொழில்முறைப் பட்டம் அவர் வீட்டுச் சொத்துபோலவே இருந்தது. அவரை எதிர்த்து ஆட ஆள் கிடைப்பதே அரிது. ஹிக்கின்ஸ் வந்தார், 1972-க்கான உலகப் பட்டப் போட்டியிலும் ரேயை வீழ்த்தினார், 22 வயதில் உலகச் சாம்பியனும் ஆனார். ரேக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அஞ்சல்காரரின் ஆதங்கம் தோல்வியைப் பற்றியது அல்ல. “இளைஞன் கிழவனை ஜெயிப்பது உலக வழக்கம். ஆனால் அந்தக் கிழவன் இருந்த இடமே தெரியாமல் போய்விட்டதே” என்பார். அவர் முன்னால் நான் ஹிக்கின்ஸ் பெயரை எடுப்பதில்லை.

மான்செஸ்டர் பக்கத்திலிருந்து

ரே பிற்காலத்தில் வாழ்ந்ததெல்லாம் எங்கள் பக்கம்தான். நான் அவரைப் பார்த்ததில்லை. 2013-இல் 92 வயதில் அவர் இறந்த செய்தியைப் பத்திரிகையில் படித்தபோதுதான் பெயரே தெரியும். ஆனால் எங்கள் கிளப் மூத்தவர் ஒருவர் இளமையில் அவருடைய கண்காட்சி ஆட்டங்களைப் பார்த்தவர். ரே என்றாலே இவர்களுக்கு இரண்டு விஷயங்கள்தான்: நகைச்சுவை, ட்ரிக் ஷாட் (சபையை வியக்கவைக்கும் வித்தை அடி).

அப்படி என்ன பெரிய வித்தை என்று கேட்டேன். அவர் பேசாமல் எழுந்து இரண்டு சிவப்புப் பந்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்தார். இரண்டின் நடுப்புள்ளிகளையும் இணைக்கும் கோடு மூலைப் பாக்கெட்டை நோக்கும்படி விரலால் நகர்த்திச் சரிசெய்தார். பிறகு கியூவை (ஆடும் கோலை) என் கையில் கொடுத்து, வெள்ளைப் பந்தால் பின்னால் இருக்கும் பந்தை ஏறத்தாழ எந்தப் பக்கமிருந்து வேண்டுமானாலும் அடி என்றார். கோணலாகத்தான் அடித்தேன். முன்பந்து நேராகப் போய் விழுந்தது. “கண்காட்சி வித்தைகளில் பாதி இந்தக் கோட்டில்தான் இருக்கிறது. அடிப்பது யாராலும் முடியும். மயிரிழை பிசகாமல் வைக்கிறானே, அவன்தான் ஆட்டக்காரன். வைத்துக்கொண்டே சபையைச் சிரிக்கவைக்கிறானே, அவன்தான் ரே.”

அந்தக் காலத்தில் அதுதான் சோறு போட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1955-இல் லண்டன் லெஸ்டர் ஸ்கொயர் ஹால் மூடப்பட்டது, பெரிய போட்டிகளுக்கு வீடே இல்லாமல் போயிற்று. 1957-க்குப் பிறகு உலகப் பட்டப் போட்டியும் நின்றது. மறுபடி நடந்தது 1964-இல்தான், அதுவும் ஒருவர் சவால் விட்டு ஒருவர் ஆடும் முறையில். இடையில் ஏழு ஆண்டுகள்! ரேக்கு அப்போது முப்பத்தாறிலிருந்து நாற்பத்து மூன்று வயது. ஸ்நூக்கர்காரனுக்குக் கை பழுத்திருக்கும் பருவம். ஊர் ஊராகப் போய், கிளப் கிளப்பாகக் கண்காட்சி ஆடித்தான் பிழைக்க வேண்டியிருந்தது.

கோவையிலிருந்து

ஸ்நூக்கர் விதிகளை உதகை கிளப்பில் எழுதி மாட்டிய பெருமை எங்கள் மலைக்கு உண்டு என்பதால் நானும் உள்ளே நுழைகிறேன்.

ரேயைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1957 உலகப் பட்டப் போட்டியின் இறுதி ஆட்டத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஜெர்சித் தீவில் நடந்தது. எதிரில் ஜான் புல்மன். கணக்கு 39–34. கூட்டிப் பாருங்கள், 73 பிரேம்கள் (பிரேம் என்பது போட்டிக்குள் ஒரு தனி ஆட்டம்). பாதியைத் தாண்ட 37 போதும். அப்படியானால் புல்மன் வென்ற பிறகும் இருவரும் நின்று மிச்சத்தை ஆடி முடித்திருக்கிறார்கள். அன்றைய வழக்கம் அது. டிக்கெட் வாங்கியவருக்கு ஆட்டம் காட்டியாக வேண்டுமே! தோற்றுவிட்டோம் என்று தெரிந்தபின் மறுபடி கியூ முனைக்குச் சுண்ணக்கட்டி தடவுவது எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எங்கள் கிளப்பில் ஐந்து பிரேம் ஆட்டத்தில் மூன்றில் தோற்றாலே ஆள் கைகழுவப் போய்விடுகிறான்.

அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களே நான்கு பேர்தான். அன்றைய முன்னணி ஆட்டக்காரர் ஃபிரெட் டேவிஸ் வரவில்லை. “அதனால்தான் ரே இறுதிக்கு வந்தார்” என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1954–55 பருவத்தில் நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட் பத்திரிகை நடத்திய போட்டியை வென்றவர் ரே. ஆளுக்கு ஆள் முன்கூட்டியே புள்ளி விட்டுக்கொடுக்கும் முறைதான், மறுக்கவில்லை. ஆனாலும் எல்லோருடனும் மோத வேண்டிய போட்டி அது. சும்மா கிடைத்துவிடாது.

மீண்டும் பெல்ஃபாஸ்டிலிருந்து

மேலே எழுதிய இருவருக்கும் ஒரு சேர்க்கை. 1969-இல் பிபிசி 2 வண்ணத் தொலைக்காட்சிக்காக “பாட் பிளாக்” தொடங்கியபோது முதல் தொடரில் ஆடிய எட்டுப் பேரில் ரேயும் ஒருவர். ஒரே பிரேமில் ஆட்டம் முடிந்துவிடும். எழுபத்து மூன்று பிரேம் நின்ற மனிதருக்கு இது என்ன கொடுமை என்று அஞ்சல்காரரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நிகழ்ச்சிதான் ஆட்டத்தை மறுபடி வீடுகளுக்குக் கொண்டுபோனது, அதுவரை பார்வையாளர்களைக் கட்டிவைத்திருந்தது ரே போன்றவர்களின் வாய்தான் என்றார்.

கோமாளிப் பட்டம் அவரைச் சிறுமைப்படுத்தியதா என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. டங்கானனுக்குச் சில மைல் தள்ளி இருக்கும் கோல்ஐலண்டின் டென்னிஸ் டெய்லரைப் பாருங்கள். அவரும் ட்ரிக் ஷாட் ஆடுவார், சிரிக்கவைப்பார். அவரை யாரும் கோமாளி என்று ஒதுக்குவதில்லை. 1985-இல் ஸ்டீவ் டேவிஸை எதிர்த்துக் கடைசிப் பிரேமின் கடைசிக் கறுப்புப் பந்தில் உலகப் பட்டம் வென்றுவிட்டார் அல்லவா? கோப்பை கையில் இருந்தால் நகைச்சுவை அலங்காரமாகிவிடுகிறது. ரேக்கு அந்த ஒன்று கிடைக்கவில்லை. ஆனாலும் மனிதர் 1980களிலும், அறுபது வயதைக் கடந்து, பேரப்பிள்ளை வயதுக்காரர்களோடு தகுதிச் சுற்றுகளில் ஆடிக்கொண்டுதான் இருந்தார்.

அவருடைய ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் உங்கள் பக்கத்தில் யாரேனும் இருந்தால் அடுத்து எழுதுங்கள். நகைச்சுவைத் துணுக்குகள் போதும். அவர் நிதானமாக நின்று ஒரு பெரிய பிரேக் (இடைவிடாமல் தொடர்ந்து சேர்க்கும் புள்ளிகள்) எடுத்ததைப் பார்த்தவர் யாராவது வேண்டும்.