பாடற்குழுவின் பாடல் சேகரிப்பு குறித்து ஆலோசனை வேண்டுகிறேன்

அன்புள்ள சகோதர சகோதரிகளுக்கு, இயேசுவுக்குப் புகழ்.

தங்கச்சிமடம் பக்கத்துப் பங்குத் தேவாலயம் ஒன்றில் இளையோர் பாடற்குழுவுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். என் பென்டிரைவில் உள்ள முந்நூறு பாடல்களில் பெரும்பாலானவை அனுமதியற்ற இணையதளங்களிலிருந்து இறக்கியவை. சென்ற வாரம் ஒரு சிறுமி, "அண்ணா, அடுத்தவர் வலையில் கிடக்கிற மீனை எடுத்தால் திருட்டு என்கிறோமே, இது மட்டும் எப்படி?" என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், உண்மையான சமயச் சடங்கின்போது பாடலை இசைப்பதை மீறலாகக் கருதுவதில்லை. ஆனால், கள்ளத்தனமாக இறக்கி, நகலெடுத்துப் பகிர்வதை அந்த விலக்கு காக்காது என்றே புரிந்துகொள்கிறேன். நற்செய்திப் பணிக்குத்தானே என்று சிலர் சொல்லும் சமாதானத்தை என் மனம் ஏற்கவில்லை. வேலையாள் தம் கூலிக்கு உரிமை உடையவர் என்று ஆண்டவர் சொன்னது (லூக்கா 10:7), கடன் வாங்கிப் பாடல் பதிவு செய்யும் கலைஞருக்கும் பொருந்தும் அல்லவா?

அழித்துவிட்டால் மட்டும் போதுமா, அல்லது ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக இயேசுவிடம் சொன்ன சக்கேயுவைப் போல ஈடு செய்ய வேண்டுமா? அப்படியானால், யாருக்கு, எவ்வாறு செலுத்துவது? பிள்ளைகளின் கைப்பேசிகளுக்கு ஏற்கெனவே போய்விட்ட நகல்களை என்ன செய்வது? பாடலாசிரியர்களிடமிருந்து முறையாக அனுமதி பெற்ற பாடற்குழுவினர் இங்கு இருந்தால், எழுதிய கடிதத்தின் மாதிரியைப் பகிருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.