12 மி.மீ. கம்பியில் செக்‌ஷன் வெயிட் (மீட்டருக்கு எடை) ஆடுகிறது, லேசர் கேஜ் (ஓடுகிற கம்பியின் தடிமனை அளப்பது) போட்டால் நிற்குமா?

கஞ்சிக்கோடு ஷிப்ட்:
வாளையாறு பக்கம் மில். 12 மி.மீ. டிஎம்டி, தியரி வெயிட் மீட்டருக்கு 0.888 கிலோ. ஒரே பில்லட்டில் (கம்பியாக உருட்டுகிற இரும்புக் கட்டை) ஒரு துண்டு 0.872, இன்னொன்று 0.838. கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1786-இல் தனித் துண்டுக்கு மைனஸ் 6 சதவீதம்தான் எல்லை, அதாவது 0.835. ரோல் கேப்பை, அதாவது உருளை இடைவெளியை, திறந்தால் கனம் ஏறி, மைனஸில் ஓட்டுவதால் கிடைக்கிற இரும்பு மிச்சம் போய்விடும். லாஸ்ட் ஸ்டாண்டுக்கு (கடைசி உருளை ஜோடி) பின்னால் லேசர் கேஜ் போடலாம் என்கிறார்கள். பலன் உண்டா சார்?

கும்மிடிப்பூண்டி ரோலர்:
கேஜ் அப்புறம். 0.872 எந்த இடத்துத் துண்டு? கூலிங் பெட்டில் (கம்பி ஆறுகிற மேடை) ஒரே பில்லட்டின் முதல் கம்பி (தலை), நடுக் கம்பிகள் இரண்டு மூன்று, கடைசிக் கம்பி (வால்) எடுத்து எடை போடுங்கள்.

தலையும் வாலும் கனத்து நடு மெலிந்திருந்தால் ஸ்டாண்டுகளுக்கு நடுவே இழுவை. தலையை அடுத்த ஸ்டாண்டு இன்னும் பிடிக்கவில்லை, வாலை முந்தைய ஸ்டாண்டு விட்டுவிட்டது. அதனால் அந்த இரண்டு இடமும் இழுபடாது. அம்மீட்டரே காட்டிக்கொடுக்கும்: அடுத்த ஸ்டாண்டு கடித்த உடனே முந்தைய மோட்டாரின் ஆம்ப்ஸ் இறங்கினால் இழுக்கிறது என்று அர்த்தம்.

தலையிலிருந்து வால்வரை சீராகக் கனம் ஏறினால் வால் ஆறிவிடுகிறது. ஆறின இரும்பு முரண்டு பிடிக்கும், ஸ்டாண்டு விரியும், கம்பி தடிக்கும். ஃபர்னஸையும் பில்லட் காத்திருக்கிற நேரத்தையும் பாருங்கள். இதற்குக் கேப்பைத் திருகுவது வீண்.

தராசுக்காரன்:
எடை போடுவதிலேயே பாதித் தப்பு நடக்கும். அரை மீட்டர்த் துண்டின் தியரி எடை 444 கிராம். நீளத்தில் 1 மி.மீ. பிசகினால் 0.2 சதவீதம், தராசில் 1 கிராம் பிசகினாலும் அதே அளவு. கேஸ் கட்டிங் வேண்டாம், கட்டிங் வீலில் நேராக வெட்டி, பிசிறு நீக்கி, நன்றாக ஆறின பிறகு 1 மீட்டர்த் துண்டாகவே போடுங்கள். தராசுக்குக் கண்ணாடிக் கூண்டு கட்டாயம். உங்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று 1 கிராமைச் சும்மா புரட்டிவிடும்.

பைரோ:
லேசர் கேஜ் பற்றி. லாஸ்ட் ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்தால் ரிப்பின் (கம்பி மேலுள்ள வரி மேடு) நிழலைத்தான் அளக்கும். லீடர் பாஸ் (கடைசிக்கு முந்தைய உருட்டல்) முடிந்த இடத்தில், ரிப் விழுவதற்கு முன், உயரம் அகலம் இரண்டையும் அளக்கிற மாதிரி வையுங்கள். கண்ணாடிக்குக் காற்று ஊதல் இல்லாவிட்டால் ஒரு ஷிப்டுகூடத் தாங்காது.

பக்கத்திலேயே பைரோமீட்டர் (தொடாமல் வெப்பம் அளப்பது) வேண்டும். 1000 டிகிரியில் இரும்பு சுமார் 1.3 சதவீதம் பெருத்திருக்கும்: ஆறினால் 12.00 வரவேண்டியது சூட்டில் 12.16. வெப்பத்தை 100 டிகிரி தப்பாக எடுத்தால் விட்டத்தில் 0.2, எடையில் 0.4 சதவீதம் பிசகும். மெல்லிய கம்பி பார்வைப் புலத்தை நிரப்பாது, நீராவி வேறு. சாதாரணப் பைரோமீட்டர் குறைத்துக் காட்டும். இரண்டு அலைநீளத்தில் அளக்கிற டூ கலர் வாங்குங்கள்.

ஆனால் உங்கள் ஆட்டம் கிட்டத்தட்ட 4 சதவீதம். அது வெப்பக் கணக்கில் வருகிற பிசகு இல்லை. ரோலர் சொன்னதை முதலில் பாருங்கள்.

கஞ்சிக்கோடு ஷிப்ட்:
முதல் கம்பியும் கடைசிக் கம்பியும்தான் கனம். 9-ஆம் ஸ்டாண்டு கடிக்கும்போது 8-ஆம் ஸ்டாண்டின் ஆம்ப்ஸ் இறங்குகிறது.

கும்மிடிப்பூண்டி ரோலர்:
9-இன் வேகத்தை அரை சதவீதம் குறையுங்கள், அதற்குப் பின்னால் உள்ள ஸ்டாண்டுகளையும் அதே விகிதத்தில். இல்லாவிட்டால் இழுவை 9-க்கும் 10-க்கும் நடுவே போய் உட்காரும். 8-இன் ஆம்ப்ஸ் இறங்காமல் நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக. ரொம்பக் குறைத்தால் கம்பி மடங்கி காபிள் ஆகும், ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள். நடுக் கம்பி கனம் ஏறினதும் லாஸ்ட் ஸ்டாண்டின் கேப்பை மூடுங்கள்.