கார்த்தியோட யாழ்ப்பாணம் டிக்கெட்

கார்த்தி: யாழ்ப்பாணம் டிக்கெட் போட்டாச்சு. அலையன்ஸ் ஏர். சென்னைல ஏறினா நேரா பலாலி ஏர்போர்ட்.

செல்வி அத்தை: அது எந்த கம்பெனிடா? கேள்விப்பட்டதே இல்லையே

கார்த்தி: கவர்மென்ட் கம்பெனி அத்தை. ஏர் இந்தியாவை டாடாவுக்கு வித்தப்ப இதை மட்டும் விக்கல.

செல்வி அத்தை: பெரிய பிளேனா?

கார்த்தி: ஏடிஆர். 70 சீட். றெக்கைல விசிறி சுத்தும். வால் பக்கமா ஏறணும், முன்னாடி இருக்கறது லக்கேஜ் கதவு 😄

செல்வி அத்தை: அய்யோ முருகா

மூர்த்தி சித்தப்பா: ஒண்ணு மிச்சம் வச்சிருக்காங்களா! அதையும் தள்ளிவிட வேண்டியதுதானே. 2021ல ஏர் இந்தியாவை 18,000 கோடிக்கு வித்ததா சொன்னாங்க. ரொக்கம் 2,700 கோடிதான். மீதி 15,300 கோடி, வாங்கினவங்க ஏத்துக்கிட்ட கடன். அதுக்கும் மேல இருந்த கடன் நம்ம தலைல.

பெரியப்பா: மூர்த்தி கணக்கு சரி. ஆனா நான் உசுரோட உக்காந்து இந்த குரூப்ல டைப் அடிக்கறதே அந்தக் கம்பெனி புண்ணியம்தான்.

பவித்ரா: குவைத்தா பெரியப்பா? சொல்லுங்க சொல்லுங்க 🙋‍♀️

பெரியப்பா: ஆமா. 1990 ஆகஸ்ட் 2 ஈராக்லேர்ந்து சதாம் படை குவைத்துக்குள்ள வந்துச்சு. கைல இருந்த தினாரை யாரும் வாங்கல. பஸ்ஸுல பஸ்ரா, பாக்தாத், அப்புறம் ஜோர்டான் எல்லைல கூடாரம். மணலும் வெயிலும்தான். அங்கேர்ந்து அம்மான் ஏர்போர்ட்.

பெரியப்பா: பிளேன்ல பக்கத்து சீட்காரர் தண்ணி டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டே உக்காந்திருந்தார். பம்பாய் வர்ற வரைக்கும் குடிக்கல.

பெரியப்பா: ஏர் இந்தியா 59 நாள், 488 டிரிப் அடிச்சு 1,11,000 பேருக்கு மேல கூட்டிட்டு வந்துச்சு. கின்னஸ்ல ஏறிச்சு.

செல்வி அத்தை: நீங்க வந்து இறங்கின கோலத்தைப் பாத்து அம்மா அழுதது இன்னும் கண்ணுல நிக்குதுண்ணா

மூர்த்தி சித்தப்பா: அண்ணா, நன்றி வேற, நிர்வாகம் வேற. 2022 ஜனவரி 27 கம்பெனி டாடா கைக்குப் போச்சு. அடுத்த மாசமே உக்ரைன் சண்டை. டாடா ஏர் இந்தியா, இண்டிகோ, ஸ்பைஸ்ஜெட், விமானப்படை எல்லாம் போய் பசங்களைக் கூட்டிட்டு வரலையா?

பவித்ரா: அதானே. 2020 கொரோனால வெளிநாட்டுல மாட்டினவங்களைக் கூட்டிட்டு வர வந்தே பாரத் பிளேன் ஓடினப்ப ஏர் இந்தியா கவர்மென்ட்டோடதுதான். அப்பவும் டிக்கெட் காசு வாங்கினாங்க.

பெரியப்பா: உக்ரைனுக்குப் போனாங்க, ஒத்துக்கறேன். அது கேட்டு வாங்கற வண்டி. சொந்த வண்டின்னா சாவி நம்மகிட்ட.

மூர்த்தி சித்தப்பா: சாவி மந்திரிகிட்டல்ல இருந்துச்சு! ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து 111 பிளேன் ஆர்டர் போட்டுச்சு, கடன் வாங்கி. 2007ல ரெண்டையும் ஒண்ணாக்கி, சம்பளம் சீனியாரிட்டின்னு வருஷக்கணக்குல பஞ்சாயத்து.

பெரியப்பா: அதுல எனக்கும் கோவம் உண்டுப்பா. 1953ல கம்பெனியை நாட்டுடைமை ஆக்கினாங்க. ஆரம்பிச்ச ஜே.ஆர்.டி. டாடாவையே 1978ல சேர்மன் நாற்காலிலேர்ந்து எழுப்பிவிட்டாங்க. ஓட்டத் தெரியாதவன் கைல வண்டி கிடைச்சா வண்டி என்ன பண்ணும்?

கார்த்தி: எனக்கு நடுவுல ஒரு சந்தேகம். வடகிழக்கு, அந்தமான், லட்சத்தீவு பக்கம் தனியாரும் ஒரு பங்கு ஓட்டணும்னு 1994லேர்ந்து விதி இருக்கு. ஆனா லட்சத்தீவுல அகத்தி தீவோட ரன்வே குட்டி. கொச்சிலேர்ந்து அலையன்ஸ் ஏர் ஏடிஆர் ரொம்ப வருஷமா போகுது. அதை வித்துட்டா?

மூர்த்தி சித்தப்பா: மானியம் குடுத்தா எவனும் ஓட்டுவான். சின்ன ஊருக்கு பிளேன் விடற உடான் திட்டமே அதானே.

பெரியப்பா: மானியம் நின்னா?

மூர்த்தி சித்தப்பா: 🤐

செல்வி அத்தை: சண்டை போதும். கார்த்தி, ஜன்னல் சீட்டா?

கார்த்தி: ஆமா அத்தை. றெக்கை தலைக்கு மேல இருக்கும், கீழ நல்லா தெரியும். பாக் நீரிணை வந்ததும் வீடியோ எடுத்து, இறங்கினதும் போடறேன்.

பெரியப்பா: போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுடாத. எனக்கு வேணும்.