கரப்பானுக்கு சைக்ளோஸ்போரின்: சாப்பிட்டவங்க சொல்லுங்க

பல்லடம்_தறி: வயசு 34, எடை 62 கிலோ. சின்ன வயசுல இருந்தே கரப்பான். கழுத்து, முழங்கை மடிப்பு, கண் இமை எல்லாம் தடிச்சுப் போச்சுங்க. ராத்திரி சொறிஞ்சு போர்வையெல்லாம் ரத்தம். ஸ்டீராய்டு மாத்திரை போட்டா அடங்குது, நிறுத்துனா முன்னைவிட மோசமா கிளம்புது. இப்ப டாக்டரம்மா சைக்ளோஸ்போரின் 100 மி.கி. காலையும் ராத்திரியும் எழுதியிருக்காங்க. மெடிக்கல்ல, "இது கிட்னி மாத்துனவங்களுக்குக் குடுக்கறதாச்சே"ன்னு கேட்டாங்க. வீட்டுல எல்லாரும் பயந்துட்டாங்க. சாப்பிடலாமுங்களா?

மதுரை_அக்கா: தம்பி, நான் சாப்பிட்டவ. மாத்துன கிட்னியை உடம்போட எதிர்ப்பு அணுக்கள் தாக்காம இருக்கத்தான் அவங்களுக்குக் குடுக்குறாங்க. நமக்கு அதே அணுக்கள் தோல்ல போய் ஆடுது, அதை அடக்கத்தான் இது. ஒரு நாளைக்கு கிலோவுக்கு 2.5-லேர்ந்து 5 மி.கி. வரைக்கும் கொடுப்பாங்க. உங்க எடைக்கு 200 அதுக்குள்ளதான் வருது. எனக்கு ரெண்டாவது வாரமே அரிப்பு விட்டுச்சு, ராத்திரி தூங்குனேன். ஆனா பிபியும், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட்டும் பார்க்காம ஒரு மாத்திரைகூடப் போடாதீங்க. முதல்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் மாசாமாசம். கிரியாட்டினின் ஏறுனா அளவைக் குறைப்பாங்க. எனக்கு ஈறு வீங்குச்சு, முகத்துல பூனைமுடி வந்துச்சு, நிறுத்துனதும் சரியாச்சு. இடுப்பு வலிக்குதுன்னு டைக்ளோபினாக் வாங்கிப் போட்டுறாதீங்க, ரெண்டும் சேர்ந்து கிட்னியைக் கெடுக்கும். பம்பளிமாஸ் பழமும் வேண்டாம், ரத்தத்துல மருந்து அளவை ஏத்திவிட்டுரும்.

சேலத்தான்: என் சம்சாரத்துக்கு கரப்பானுக்கு மெத்தோட்ரெக்சேட்ங்கற வேற மருந்து. அரிப்பு குறைய மூணு மாசம் ஆச்சு. அது வாரம் ஒரு நாள் மாத்திரை. தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து, அதனால ஞாயித்துக்கிழமைன்னு அட்டையிலேயே எழுதி வெச்சிருக்கோம். ஃபோலிக் ஆசிட் வேற நாள்ல. குழந்தைக்குத் திட்டம் இருந்தா முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லணும்.

லேப்_மணி: இது எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்து, நம்ம ஊர்ல டிபி வேற அதிகம். நெஞ்சு எக்ஸ்ரே, மஞ்சள் காமாலை பி, சி டெஸ்ட் எல்லாம் முன்னாடியே எடுத்துடுங்க. பின்னாடி அசாதயோபிரின்ங்கற இன்னொரு எதிர்ப்பை அடக்குற மாத்திரைக்கு மாத்துனா, உடம்பு அதைத் தாங்குமான்னு பார்க்குற டிபிஎம்டி, என்யூடிடி15 டெஸ்ட் பத்திக் கேளுங்க. என்யூடிடி15 குறைபாடு நம்ம ஆளுங்ககிட்ட அதிகம், அது இருந்தா அந்த மாத்திரையால வெள்ளையணு சடார்னு இறங்கிரும்.

பல்லடம்_தறி: ரொம்ப நன்றிங்க அக்கா, எல்லாருக்கும். பிபி 120/80, கிரியாட்டினின் 0.9. எக்ஸ்ரே நாளைக்கு எடுக்கறேன். இதை வருசக்கணக்கா சாப்பிடணுமுங்களா?

மதுரை_அக்கா: இல்ல தம்பி. பொதுவா ஒரு வருசத்துக்கு மேல நீட்ட மாட்டாங்க. நிறுத்துனதுக்கு அப்புறம் என்ன மருந்துன்னு இப்பவே டாக்டரம்மாகிட்ட கேட்டு வெச்சுக்கோங்க. தேங்காய் எண்ணெயோ வாசலினோ, குளிச்சதும் ஈரத்தோட தடவுறதை மட்டும் விட்டுறாதீங்க.