கரடியனாறுக் குடும்பம்

சின்ன மாமா: வயல் வட்டைக்குள்ள இன்னொரு மாடும் விழுந்திட்டு. நேத்துப் பின்னேரம் நல்லா மேஞ்சது. விடியப் பார்த்தா சரிஞ்சு கிடக்கு. மூக்காலயும் பின்னாலயும் கறுத்த ரத்தம் வடியுது, உறையவே இல்லை.

வசந்தி அக்கா: மாமா, கிட்டப் போகாதீங்க. வெட்டவும் வேணாம், உரிக்கவும் வேணாம். மாட்டில இருந்து மனிசருக்கும் வாற அந்திராக்ஸ் எண்ட கிருமி வருத்தமாவும் இருக்கலாம். மிருக வைத்தியருக்குச் சொல்லிட்டீங்களா?

சின்ன மாமா: ஓம், இப்பதான் கோல் எடுத்தநான். வாறாராம்.

ஜீவன்: அக்கா, போன கிழமை செத்ததை நானும் ரெண்டு பொடியனுகளும்தான் உரிச்ச. இறைச்சி பங்கு போட்ட.

வசந்தி அக்கா: கையில புண் ஏதும் இருக்கா?

ஜீவன்: மணிக்கட்டில நுளம்பு கடிச்ச மாதிரி ஒண்டு வந்து சொறிஞ்சது. பிறகு தண்ணிக் கொப்புளமாகி உடைஞ்சு, இப்ப நடுவில கறுப்பாப் பொருக்குக் கட்டியிருக்கு. சுத்திவர வீக்கம். நோவு இல்லை, அதால விட்டுட்டன்.

வசந்தி அக்கா: நோகாது மனே, தோலில வாற அந்திராக்ஸ் அப்படித்தான். கூடுதலா கிருமி பட்டு 1 தொடக்கம் 7 நாளுக்குள்ள தொடங்கும். மருந்தில்லாம விட்டா 100 பேரில 20 பேர் மட்டுக்கும் சாகலாம். ரத்தத்தில இறங்கி மூளைச்சவ்வு வரைக்கும் போகும். அன்ரிபயோட்டிக் நேரத்துக்குத் தொடங்கினா அநேகமா எல்லாரும் சுகமாகிருவாங்க. இண்டைக்கே போ.

பெரியம்மா: ஐயோ, அந்த இறைச்சி நாங்களும் சமைச்ச கா. பிள்ளையளும் திண்டதுகள்.

வசந்தி அக்கா: ஆருக்கும் காய்ச்சல், சத்தி, வயித்துக்குத்து, ரத்தமாப் போறது, தொண்டை வீக்கம் இருக்கா பெரியம்மா? ஒண்டும் இல்லாட்டியும் எல்லாரையும் கூட்டிப் போய்க் காட்டுங்க. நல்லாக் கொதிச்சது எண்டு நம்பி இருக்க வேணாம், அந்தக் கிருமி கெட்டி ஓட்டுக்குள்ள ஒடுங்கி வித்து மாதிரிக் கிடக்கும், அந்த வித்து சூட்டையும் தாங்கும். மிச்சம் பிரிஜ்ஜில கிடந்தா தொடாம சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ.க்குச் சொல்லுங்க.

கஜன்: நானும் ஜீவன் அண்ணாவும் ஒரே அறையிலதான் படுக்கிற. எனக்கும் தொத்துமா?

வசந்தி அக்கா: இருமல் தும்மலால தொத்தாது. புண்ணையும் அதில பட்ட துணியையும் தொடாத. ஜீவன், உரிச்ச தோல் எங்க?

ஜீவன்: கொட்டிலுக்குள்ள காயுது.

வசந்தி அக்கா: ஆரும் அதை உதறப்படாது. தூசியோட வித்து மூச்சுக்குள்ள போனாத்தான் ஆகக் கொடூரம். தடிமன் காய்ச்சல் மாதிரித் தொடங்கி, சில நாளில மூச்செடுக்க ஏலாமப் போகும். மருந்து குடுத்தும் கனபேர் தப்புறதில்லை. ஆருக்கும் மூச்சு முட்டினா 1990 அம்புலன்ஸுக்கு அடிங்க.

சின்ன மாமா: டொக்டர் வந்திட்டார். காதில ரத்தம் எடுத்திருக்கார். உடம்பைத் திறக்க விடேல்ல. காத்துப் பட்டா கிருமி வித்தாகி மண்ணில கனவருஷம் கிடக்குமாம். தோலையும் அவரிட்டச் சொல்லிட்டன்.

ஜீவன்: பொடியனுகளையும் ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுறன்.

வசந்தி அக்கா: செத்த மாடு உரிச்சதை முதலே சொல்லு. சொல்லாட்டி சாதாரணப் புண் எண்டு மருந்து கட்டி அனுப்பிருவாங்க.