டெங்குவில் தட்டணுவை விட்டுவிட்டு பி.சி.வி.யை ஏன் பார்க்கிறார்கள்?

வைகைக்கரை:
வணக்கம். டெங்குவால் மருத்துவமனையில் இருக்கும் என் அக்கா மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு அனுப்பாமல், சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுக்கிறார்கள். தட்டணுக்கள் 60,000 என்று நாங்கள் கலங்கியபோது, மருத்துவரோ பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விழுக்காடு) 40-இலிருந்து 48 ஆனதைப் பற்றியே கவலைப்பட்டார். சிவப்பணு கூடினால் நல்லதுதானே?

பொது மருத்துவர்:
சிவப்பணுக்கள் கூடவில்லை ஐயா, அவை மிதக்கும் பிளாஸ்மா குறைந்திருக்கிறது. வழக்கமாக இரத்தத்தில் சுமார் 55 விழுக்காடு பிளாஸ்மா; எஞ்சியதில் ஏறத்தாழ முழுவதும் சிவப்பணுக்கள், அவற்றின் பங்கே பி.சி.வி.

அது எங்கே போகிறது என்பதை இரத்த நாளங்களின் சுவர் சொல்லும். தமனிக்கும் சிரைக்கும் மூன்றடுக்குச் சுவர் உண்டு. தமனியின் நடு அடுக்கில் தசையும் மீள்நார்களும் தடித்திருப்பதால், இதயம் தள்ளும் அழுத்தத்தை அது தாங்குகிறது. மிக நுண்ணிய நாளமான தந்துகிக்கோ ஒற்றை அடுக்குச் செல்களே சுவர். ஆக்சிஜனும் உணவுச்சத்தும் திசுக்களைச் சென்றடைவது அந்த மெல்லிய சுவர் வழியாகத்தான். டெங்குவில் நெகிழ்ந்து கசிவதும் அதுவே. நீரும், நீரை நாளத்துக்குள் பிடித்துவைக்கும் ஆல்புமின் புரதமும் வெளியேறி நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்க, பெரிய சிவப்பணுக்கள் உள்ளேயே தங்கி இரத்தம் செறிவடைகிறது. 40 என்பது 48 ஆவது 20 விழுக்காடு உயர்வு. பிளாஸ்மா கசிகிறது என்பதற்கு அது தெளிவான அடையாளம். காய்ச்சல் தணியும் வேளையில்தான் இது பெரும்பாலும் நிகழ்கிறது.

ஆய்வகப் பணியாளர்:
இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை நிரப்பி வேகமாகச் சுழற்றினால், அடியில் சிவப்பணுக்களும் மேலே வைக்கோல் நிறப் பிளாஸ்மாவும் பிரிந்து நிற்கும். இடையே வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சேர்ந்த மிக மெல்லிய வெண்படலம் தெரியும். கசிவு உள்ளவரின் குழாயில் சிவப்புப் பகுதி வழக்கத்தைவிட உயர்ந்திருக்கும்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. அப்படியானால் தட்டணுக்களையும் சலைனையும் தாராளமாக ஏற்றிவிடலாமே?

பொது மருத்துவர்:
இரத்தப்போக்கு இல்லாதபோது 60,000 என்ற அளவுக்குத் தட்டணு ஏற்றத் தேவையில்லை. ஏற்றினாலும் தந்துகிச் சுவரின் கசிவு நிற்காது. சலைன் தேவைதான், ஆனால் அளந்தே தர வேண்டும். கசிவு பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரமே நீடிக்கும். அதன்பின் வெளியேறிய நீர் நாளங்களுக்குள் திரும்பும்போது, மிகையாக ஏற்றிய திரவமும் சேர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் ஏற்படும். அடிக்கடி இரத்தம் எடுப்பது இந்த அளவைச் சரியாகக் கணிக்கவே. பையனுக்குக் கடும் வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும், அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.